இருட்டறையும் வியாழக்கிழமைகளும்

கல்யாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் என் கணவர் என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில், பஸ் நிற்கும் ஒரு முக்கில், மருந்துக்கடைக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில் இருந்தது கடை. நான் விளவங்கோடு பக்கத்துப் பெண். ஒரு மணி நேரத்தில் எல்லையைத் தாண்டி வந்துவிடும் தூரம்தான். ஆனாலும் தமிழில் படித்தவளுக்குக் கடைப் பலகையில் இருந்த மலையாள எழுத்தை அன்றைக்கு வாசிக்கத் தெரியவில்லை. சும்மா பார்க்கத்தான் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்போடு உள்ளே போனேன்.

படம் எடுக்கும் அறைக்குப் பின்னால் கறுப்புத் துணியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் ஆறடிக்கு ஐந்தடியில் டார்க் ரூம். ஜன்னல் இருந்த இடத்தைப் பலகை வைத்து அடைத்து, விளிம்பெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே சிவப்பு பல்பு ஒன்று. மேஜைமேல் மூன்று தட்டுகளில் மருந்துத் தண்ணீர். புளித்த வாடை.

“இஞ்ச நின்ன ஆளு கல்ஃபுக்குப் போயிட்டான்,” என்றார் அவர். “வேற ஆளு கிட்டுகது வரைக்கும் நீ நில்லு. ஒனக்க கை நிதானமான கையாக்கும்.”

“நான் இதெல்லாம் கண்டதே இல்லியே.”

“ஒரு வாரத்துல படிச்சிரலாம்.”

ஒரு வாரத்தில் படித்துவிட்டேன். வேறு ஆள் பதிமூன்று வருஷம் கிடைக்கவில்லை. அவர் தேடினாரா என்பது எனக்குத் தெரியாது.

இப்போது ஃபிலிம் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தச் சிவப்பு வெளிச்சத்தை ஏதோ கோயில் விளக்கு மாதிரி சொல்கிறார்கள். வெள்ளைக் காகிதத்தில் முகம் மெதுவாக எழுந்து வருவதைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் கண் கலங்குகிறது. எழுந்து வரும், உண்மைதான். முதல் மாதம் நானும் வாய் பிளந்து பார்த்தேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். தாலுகா ஆபீசுக்கு, கோர்ட்டுக்கு, பரீட்சைக்கு, ரேஷன் கார்டுக்கு. கல்யாணக் கலர் படங்கள் திருவனந்தபுரத்தில் லேபுக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளை முழுவதும் என் கைக்கு வரும். தூசி கிளம்பும் என்று உள்ளே ஃபேன் கிடையாது. பாதி வேலையில் வெளியே போக முடியாது என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டேன். சித்திரை மாதத்தில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். யாரும் என்னை உள்ளே வைத்துப் பூட்டவில்லை. தாழ்ப்பாள் என் பக்கத்தில்தான் இருந்தது. தினமும் காலையில் நானே போட்டுக்கொள்வேன்.

ஊர்க்காரர்களை எனக்கு இரண்டு விதத்தில்தான் தெரியும். ஒன்று, பலகைச் சுவருக்கு அப்புறம் கேட்கும் குரல். இன்னொன்று, நெகடிவ். நெகடிவில் தலைமுடி வெள்ளையாக இருக்கும், பல் கறுப்பாக இருக்கும், கண்மணி வெளுத்த புள்ளியாக இருக்கும். பென்சிலைக் கூராகச் சீவி அந்த முகங்களின் அம்மைத் தழும்பையெல்லாம் நான் திருத்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தாள். யாரென்றே தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தபோது அவள் வலது கன்னத்து மச்சம் கண்ணில் பட்டது. முந்தின வாரம் இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்த மச்சம் அது. ஊரில் பாதிப் பேரின் மச்சம் எனக்குத் தெரியும், எதிரில் வந்தால் ஆளைத் தெரியாது.

என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

பக்கத்துக் கிராமத்தில் நாற்பது நாள் குழந்தை ஒன்று இறந்துபோனது. அதற்கு உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடிக் கிடந்த குழந்தையை என் கணவர் போய் எடுத்து வந்தார். ரோலைக் கையில் தந்துவிட்டு வேறு ஒரு வீட்டுக்குப் புறப்பட்டார். “இத சூட்சிக்கணும், கெட்டுப் போவப்பிடாது. அந்தத் தாய்க்கு இது மட்டுந்தான் உண்டு,” என்றார். கடையில் நானும் மகளும் மட்டும். அவளை வெளியே பெஞ்சில் இருத்தி, மருந்துக்கடைக்காரரிடம் கண் வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

ஃபிலிமைச் சுருளில் ஏற்றும்போது சிவப்பு பல்பும் எரியக்கூடாது. முழு இருட்டு. டப்பாவை உடைத்து ஃபிலிமை வெளியே எடுத்து, நுனியைச் சுருளின் பள்ளத்தில் விட்டுத் திருப்ப ஆரம்பித்தேன். அப்போது வெளியே எதுவோ விழுந்த சத்தம். அடுத்து என் பிள்ளையின் அழுகை. விளையாட்டு அழுகை இல்லை, மூச்சு நின்று நின்று வரும் அழுகை.

தாழ்ப்பாள் என் முழங்கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இழுத்தால் வெளிச்சம் வந்துவிடும். வெளிச்சம் வந்தால் அந்தக் குழந்தை இருந்ததற்கு அடையாளமே இல்லை. “அம்மா வாறேன் மக்கா, வாறேன், வாறேன்,” என்று கத்திக்கொண்டே சுருளைத் திருப்பினேன். வியர்வையில் ஃபிலிம் பள்ளத்தைவிட்டு நழுவியது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். மகள் கதவை உள்ளங்கையால் அடித்தாள். வெளிச்சம் புகாத டாங்கியில் போட்டு மூடியைத் திருகியபிறகுதான் கதவைத் திறந்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கலாம், மூன்று ஆகியிருக்கலாம். புருவம் கிழிந்து, ஒரு கண் முழுக்க ரத்தத்தோடு நின்றாள். மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் ஓடி வருகிறார்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவில் என் மடியில் கிடந்தவள் கேட்டாள்: “அம்மா உள்ள என்ன செய்துட்டு இருந்த?”

படம் நன்றாக வந்தது. அந்தத் தாய் வந்து அதை வாங்கிக்கொண்டபோது நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றேன். காகித உறை திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் செய்தது சரியா தப்பா என்று அன்றிலிருந்து பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த அறையில் இல்லாதிருந்தால் அப்படி ஒரு கணக்கே எனக்கு வந்திருக்காது என்பது மட்டும்தான் ஒவ்வொரு முறையும் மிஞ்சும்.

எட்டாவது வருஷத்தில் விரல்கள் வெடிக்கத் தொடங்கின. மருந்துத் தண்ணீர் ஆகவில்லை. நகம் பழுப்பாகி, விரலிடுக்கில் தோல் உரிந்து நீர் வடிந்தது. டாக்டர் கையுறை போடச் சொன்னார். கையுறை போட்டால் காகிதம் வழுக்கியது. திருவிருந்தில் அப்பம் வாங்கக் கை நீட்டும்போது எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒரு நொடி என் உள்ளங்கையைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். வீட்டில் கணவரிடம் சொன்னால், “கொஞ்சம் பொறு, ஆளு வரும்,” என்பதுதான் பதில். கெட்ட மனுஷர் இல்லை. அவரும் வாரத்தில் ஐந்து நாள் வெயிலில் நிற்கிறவர். ஆனால் அவர் நின்றது வெளியில்.

டிஜிட்டல் வந்தபோது அவர் ஒரு வருஷம் முறைத்துக்கொண்டிருந்தார். “அது படமா? டிவியாக்கும்,” என்பார். பாறசாலையில் ஒரு கடையில் பத்து நிமிஷத்தில் கலர் பாஸ்போர்ட் படம் கொடுக்கிறார்கள் என்று ஆட்கள் அங்கே போகத் தொடங்கியதும்தான் அசைந்தார். ஒரு கேமராவும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தன. கம்ப்யூட்டர் மேஜை வேறெங்கும் கொள்ளாததால் கடையின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்த கண்ணாடிக்கு அருகே போட்டார்கள். மவுஸ் அவர் கைக்கு அடங்கவில்லை. அம்பு ஒரு பக்கம் போகும், அவர் கண் ஒரு பக்கம் போகும். மூன்றாம் நாள் எழுந்து, “நீ இரி,” என்றார்.

நான் உட்கார்ந்தேன். பகல் பதினொரு மணி. மேஜைமேல் என் கைகள் வெயிலில் கிடந்தன. கடையில் வேலை செய்யும் நேரத்தில் நான் என் கையை வெயிலில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் கேமராவை எடுத்தேன். கடை நடையில் நின்று ரோட்டைப் பார்த்து அமுக்கினேன். பின்பக்கத்துச் சின்னத் திரையில் அந்த ரோடு உடனே வந்து நின்றது. நிறத்தோடு, நேராக, வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும். பஸ்ஸை எடுத்தேன், பாதிதான் விழுந்தது. மறுபடி எடுத்தேன். பழக்குலையைச் சைக்கிளில் கட்டிப் போனவரை, மில் வாசலில் தவிட்டைத் தின்ற ஆட்டை, எதிர்ச்சுவரில் பாதி கிழிந்த போஸ்டரை. ஒரு மணி நேரத்தில் நூறு படத்துக்கு மேல். ஃபிலிமில் முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுதான். ஒன்றைக்கூட அவர் எனக்கு விட்டுத் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அவர் வருவதைக் கண்டதும் எல்லாவற்றையும் அழித்தேன். வாடை இல்லை, கறை இல்லை, கழுவித் தொங்கப்போட வேண்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எதுக்கு இளிக்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல. ஆடு.”

அந்த வருஷத்தில் வந்த சின்னச் சின்னச் சந்தோஷங்களுக்குக் கணக்கே இல்லை. படத்துக்கு உட்கார்ந்தவர் கண்ணை மூடியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், இன்னொன்று எடுக்கலாம். முன்பானால் இரண்டு நாள் கழித்து ஆளைத் திரும்ப வரச் சொல்லி அவர் வாயில் விழ வேண்டும். எதிரில் இருப்பவரிடம், “தாடைய கொஞ்சம் தாத்துங்க,” என்று நான் சொல்ல, அவர் தாழ்த்துவார். முகங்களோடு நேரே பேசினேன். தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் விரல் வெடிப்பெல்லாம் ஆறி, புதுத்தோல் வந்துவிட்டது. டார்க் ரூமில் பழைய குடைகளும் பின்னணித் திரைகளும் போய்ச் சேர்ந்தன. ஜன்னல் பலகையைப் பெயர்த்த அன்று பார்க்கிறேன், அதற்கு நேர் பின்னால் ஒரு கப்பைத் தோட்டம், மரவள்ளி. பதிமூன்று வருஷம் என் முதுகுக்குப் பின்னால் கப்பை முளைத்து, வளர்ந்து, பிடுங்கி, மறுபடி நட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சட்டம் வந்தது. கேமரா கடை நடையைத் தாண்டக்கூடாது. வெளி வேலை அவருக்கு, கடை எனக்கு. ஒன்பது மணிக்குக் கதவைத் தூக்கினால் ஏழு மணிக்கு இறக்கும்வரை அதே நாற்காலி. நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள், வெளுப்பாக்கச் சொல்வார்கள், போவார்கள். அறை மாறியது, அவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும். கண்ணாடிக்கு வெளியே பஸ்கள் நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் போய்க்கொண்டே இருக்கும். முன்பு அவற்றின் சத்தத்தை மட்டும் கேட்டேன். இப்போது ஏறுகிறவர்களின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். மதியம் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அதியன்னூரில் வீடு. கணவனின் அக்கா ஆறு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறாராம். பென்ஷன் விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும், நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

“கடைக்கு கொண்டு வர ஒக்காது. ஆரெங்கிலும் வீட்டுக்கு வரணும்,” என்றாள்.

“அவரு இல்லியே.”

“நீங்க எடுப்பீங்கல்லா?”

எடுப்பேன். கடைக் கதவைப் பாதி இறக்கி, மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கேமராவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி வழி முழுக்க முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தேன்.

படுக்கையில் இருந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். பஸ்ஸிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. கல்யாணம் ஆகாதவர், தம்பி வீட்டில் பின்னறை. தலையணை வைத்து உயர்த்தி, நெற்றியில் பொட்டு வைத்து, வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்து எடுத்தேன். முடிந்தது என்று கேமராவை இறக்கினதும், “காட்டு,” என்றார். திரையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“இது நானாக்கும்?”

“ஆமாக்கா.”

“எனக்க அம்மையப்போல இருக்கு. மாய்ச்சிரு.”

அழித்தேன். இன்னொன்று எடுத்தேன். “வாய் கோணுது. மாய்ச்சிரு.” அழித்தேன். ஏழாவது படத்தில், “இது கொள்ளாம். இது கோர்ட்டுல இருந்த ஆளு,” என்றார். எங்கள் இருவராலும் அதற்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி மனைவி கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்தார். “இந்த ஜன்னல்ல ஒரு தெங்கு மட்டுந்தான் தெரியும். ஆறு வருஷமாட்டு அந்தத் தெங்கு. ஒரு காரியம் செய்வியா? கோர்ட்டு வராந்தாவ எடுத்துட்டு வந்து காட்டு. பொறவு அழிச்சாலும் பரவாயில்ல, ஒருக்கா கண்டாப் போதும்.”

கணவரிடம் சொன்னேன். விண்ணப்பப் படத்தை அவர் ஒத்துக்கொண்டார். கோர்ட்டு வராந்தாதான் அவருக்கு ஏறவில்லை.

“பெண்ணொருத்தி கேமராவும் தூக்கிட்டு ரோட்டுல நின்னா ஆளுவ என்ன சொல்லும்?”

“என்னத்தயும் சொல்லட்டு. வியாழக்கிழமை மூணு மணிக்கு மேல கடைக்கு ஆளு வராது. ரெண்டு மணிக்கூர் எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“அந்த அக்காவுக்கு.”

அது பாதிதான் உண்மை. அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் எழுந்தபோது தடுக்கவும் இல்லை.

அப்படி இரண்டு வருஷம் போனது. கோர்ட்டு வராந்தா, மார்க்கெட்டில் மீன்காரிகள், ரயில் நிலையம், நெய்யாற்றுப் படித்துறை. ஒரு வியாழக்கிழமை எடுத்ததை அடுத்த வியாழக்கிழமை காட்டுவேன். அக்கா ரசிப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீசில் தப்புத் தப்பாக டைப் அடித்ததை மேலதிகாரி திருப்பிக் கொடுப்பது மாதிரிதான் கேமராவை என்னிடம் கொடுப்பார்.

“ஆறு எனக்குத் தெரியும். தண்ணிய எதுக்கு எடுத்த? படியில நிக்கது ஆரு?”

“தெரியாதுக்கா. தூரத்துல நின்னு எடுத்தேன்.”

“கிட்ட போய் கேட்டுட்டு எடு.”

கிட்டப்போக எனக்குப் பயமாக இருந்தது. பலகைக்குப் பின்னால் நின்று பழகியவள். ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், படுக்கையில் கிடக்கும் அக்காவைப் பற்றி மலையாளத்தில் சொல்லி, படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். “கிடப்பிலுள்ள சேச்சிக்கோ? எடுத்தோ,” என்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தைத்தான் அக்கா முதல்முதலாக, “இது இருக்கட்டு,” என்றார்.

எல்லாம் கொஞ்ச நேரம்தான். ஐந்து மணிக்கு நான் திரும்பக் கடையில் இருக்க வேண்டும். அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வரும்போது, நான் எழுந்து போகிறேன் என்பதே குற்றம் போல இருக்கும். அவர் என்னைப் பார்க்க மாட்டார், தெங்கைப் பார்ப்பார்.

தம்பிக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தது. நாலாவது மாடியில் வீடு பார்த்திருந்தார்கள். கடைசி வியாழக்கிழமை நான் ஒரு கட்டு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன், வேண்டும் என்று அவர் சொன்ன படங்களெல்லாம். அவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, “இன்னிக்கு இந்த முறிய எடு,” என்று அறையைக் கண்ணால் சுற்றிக் காட்டினார்.

“இந்த முறியவா?”

“ஆமா. கட்டில்ல கிடந்தா தெரியுகது மட்டும். கூரை, ஃபேனு, பல்லி இருக்க மூலை, ஜன்னலு. நீ இஞ்ச கிட.”

அவர் பக்கத்தில், கட்டிலின் ஓரத்தில் ஒருச்சாய்ந்து படுத்துக்கொண்டேன். அவர் விரலால் காட்டக் காட்ட எடுத்தேன். கூரையில் மழை ஒழுகிய ஒரு கறை. ஃபேனின் ஒரு இறக்கையில் மட்டும் இருந்த துரு. தெங்கு.

“இந்த முறிய வெறுத்துப் போச்சுன்னு சொல்லுவீங்களேக்கா.”

“வெறுப்புதான். நாளைக்கு இதும் காணாத எடமாட்டு ஆயிரும்லா.”

அன்று எடுத்த எதையும் அவர் மாய்க்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. முதலில் தம்பி மனைவி போனில் பேசுவாள், பிறகு அதுவும் நின்றது.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு நாற்காலியிலேயே இருந்தேன். மூன்றேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. கேமராவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

“அவங்க போயாச்சே,” என்றார் என் கணவர். “இனி ஆருக்குக் காட்ட?”

“வாறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறினேன். நினைத்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. மழை வந்துவிட்டது. ஸ்டாண்டில் ஒதுங்கி நின்று, குடை விரிக்கிறவர்களை எடுத்தேன். எட்டுப் படம். ஐந்து ஆடிப்போய்விட்டது.

இப்போதும் ஒன்பது மணிக்குக் கடைக் கதவைத் தூக்குகிறேன். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கும் லாமினேஷனுக்கும் மட்டும் வருகிறார்கள். கணவருக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. வெளி வேலைகளை விட்டுவிட்டு என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு மூன்று வேளை மருந்து, இரண்டு வேளை ஊசி. எனவே திருவனந்தபுரத்துக்குப் போய் அந்த நாலாவது மாடியைத் தேடலாம் என்ற நினைப்பு நினைப்பாகவே இருக்கிறது. வியாழக்கிழமை இரண்டு மணிக்கூர் மட்டும் இன்னும் என்னிடம் உண்டு. போன வாரம் எடுத்து வந்த படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது, அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். காயல் ஓரத்தில் வலை உலர்த்துகிற இரண்டு பெண்கள்.

“சரிஞ்சிருக்கு,” என்றார்.

“எது?”

“தண்ணிக்கோடு. இடப்பக்கமாட்டு சரிஞ்சிருக்கு.”

நான் எடுத்த ஒரு படத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. நேராக்கவா என்று கேட்டேன். இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். அதற்குள் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஆள் வந்துவிட்டார். நான் எழுந்து போய் விளக்குகளைப் போட்டேன்.